வாசகர் கேள்வி – பதில்: தேயிலை நாடுகள் ஒன்றுபட்டால் தோட்டங்களுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: உலகமயமாக்கலின் நெருக்கடிகளுக்குப் பிராந்திய ஒத்துழைப்பே மாற்று என்கிறார்கள். தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பினால் மலையகம் கண்ட நன்மை என்ன? (வாசகர், அட்டன்)

பதில்: சார்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் மனக்குறை நியாயமானதே. 1985இல் டாக்காவில் தொடங்கப்பட்ட அவ்வமைப்பின் உச்சிமாநாடு, 2014இல் காத்மாண்டுவில் கூடியதோடு நின்றுபோயிற்று. 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய – இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் நமது தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரையில்தான் தீர்வைச் சலுகை அளித்தது. தானே தேயிலை விளைவிக்கும் அயல்நாட்டிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதும் கடினம்.

ஆகவே நமக்கு வேண்டியது, ஒரே பண்டத்தை விற்கும் நாடுகள் வாங்குவோர் முன்னிலையில் ஒன்றுபட்டு நிற்கும் ஒத்துழைப்பாகும். இதற்கு முன்னுதாரணமும் உண்டு. உலகப் பொருளாதார மந்தத்தால் விலை சரிந்தபோது இந்தியா, இலங்கை, அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர்கள் 1933இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டனர். விலையும் ஓரளவு நிமிர்ந்தது. ஆனால், கொழுந்து பறிப்பவருக்கு அந்த மேசையில் இடமிருக்கவில்லை. 2013இல் கொழும்பில் உருவான சர்வதேச தேயிலை உற்பத்தியாளர் மன்றத்தில் கென்யாவும் இந்தியாவும் நம்மோடு இருப்பது வரவேற்கத்தக்கது என்றாலும், அதுவும் உற்பத்தியாளர்களின் மன்றமே.

சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம், கூலி கூடினால் கென்யாத் தேயிலையோடு போட்டியிட முடியாது என்ற பதிலே நமக்குத் தரப்படுகிறது. மழையில் நனைந்து பறித்த கொழுந்தைப் பின்னேரம் தராசடிக்குக் கொண்டுவரும் பெண்ணுக்கு, ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்தபின் நிறை சற்றுக் குறைந்தாலே முழுப் பேர் (முழுநாள் கூலி) அரைப் பேராகிவிடுகிறது; உலகச் சந்தையின் போட்டி அவர் கையில் வந்து முடிவது இவ்வாறுதான். தேயிலை விளையும் நாடுகள் யாவும், தத்தம் வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப, இதற்குக் கீழே கூலி இறங்கக்கூடாது என்று ஓர் எல்லையைச் சேர்ந்து வகுக்குமானால், அந்தப் பதிலுக்கே இடமிராது. நமது தொழிற்சங்கங்கள் அசாம், கென்யா தோட்டத் தொழிற்சங்கங்களோடு இதைப் பேசத் தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: இத்தகைய கூட்டு, பெரிய அயல்நாட்டின் ஆதிக்கமாக மாறிவிடாதா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: அந்த அச்சம் தவறன்று. எனினும் இருதரப்பு உடன்படிக்கையில் சிறிய நாடு தனியே நின்று பேரம்பேச வேண்டியிருக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் இந்தோனேசியா எவ்வளவு பெரிதாயினும், முடிவுகள் ஒருமித்த கருத்தின்படியே எடுக்கப்படுகின்றன. தேயிலையில் நமக்குத் துணைநிற்கக் கென்யா, மலாவி, ருவாண்டா போன்ற நாடுகளும் இருக்கின்றன.