வாசகர் கேள்வி – பதில்: பல கலைகளில் இயங்குவோருக்கு

கேள்வி: நான் ஓவியம் முறையாகப் படித்தவள். வாய்ப்பாட்டும் பல ஆண்டுகள் கற்றிருக்கிறேன். இப்போது காணொளியிலும் ஈடுபாடு வந்திருக்கிறது. ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். மற்றவற்றை விட்டுவிட்டு ஓவியத்தில் மட்டும் நிற்பதுதான் சரியா?

பதில்: விட வேண்டாம். அதே சமயம் அந்தப் பழமொழியின் எச்சரிக்கையைத் தள்ளிவிடவும் வேண்டாம். என்ன செய்யப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் காட்டுக்குள் போகிற தச்சனுக்கு எந்த மரமும் சரியாகப் படாது.

தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் பாதையை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. 1955இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அவர், பல்கலைக்கழகத்தில் படித்தது அரசியலும் ஆப்பிரிக்கவியலும். பிறகு ஓவியம் கற்றார். 1980களின் தொடக்கத்தில் பாரிசுக்குச் சென்று ழாக் லெகாக்கின் பள்ளியில் மௌன நடிப்பும் நாடகமும் பயின்றார். நடிகராகத் தம்மால் தேற முடியாது என்பதை அங்கே உணர்ந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது நிலைகொள்ளாத ஒருவரின் அலைச்சலாகத் தோன்றியிருக்கும்.

1989 முதல் அவர் செய்த அசைவூட்டப் படங்கள்தாம் அவரை உலகறியச் செய்தன. ஒவ்வோர் அசைவுக்கும் புதிய தாள் எடுக்காமல், ஒரே தாளில் கரித்துண்டால் வரைந்து, சற்றே அழித்து, மாற்றி வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் கேமராவில் பதிவு செய்வது அவருடைய முறை. கரியை முழுவதுமாக அழிக்க முடியாது என்பதால், முன்பிருந்த கோட்டின் சாம்பல் நிறத் தடம் தாளிலேயே தங்கிவிடுகிறது. நிறவெறி ஆட்சியின் இறுதி ஆண்டுகளில், ஒரு நாடு எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதை மறைக்கப் பார்க்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த கலைஞருக்கு, அழித்தாலும் போகாத அந்தத் தடமே பொருளாகவும் வடிவமாகவும் அமைந்தது. நாடகப் பயிற்சியும் வீண்போகவில்லை. 1992இல் ஒரு பொம்மலாட்டக் குழுவோடு சேர்ந்து, பொம்மைகளுக்குப் பின்னால் தம் கரிச்சித்திரங்கள் திரையில் அசையும்படி ஒரு நாடகத்தை உருவாக்கினார். 2010இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஓர் இசைநாடகத்தை இயக்கினார். இத்தனை துறைகளுக்குப் போனாலும் அவர் திரும்பத் திரும்ப வந்து சேருவது கரியும் தாளும் இருக்கும் மேசைக்குத்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பல்துறைக் கலைஞருக்கு ஒரு தாய்த்துறையும் விடாமல் துரத்தும் ஒரு கேள்வியும் வேண்டும் என்பதே. உங்களுக்குத் தாய்த்துறை ஓவியம் என்று தோன்றுகிறது. அதில் கை தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குரலையோ காணொளியையோ ஒரு படைப்புக்குள் கொண்டுவந்த பிறகு, அதை நீக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். படைப்பு ஊனப்படுகிறது என்றால் அது அங்கே இருக்க வேண்டியதுதான். எதுவும் குறையவில்லை என்றால், எவ்வளவு உழைத்துச் சேர்த்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையைத் தயவு தாட்சண்யமின்றிச் செய்கிறவர்களின் படைப்புகளில் துறைகள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன; மற்றவர்களிடம் அவை அருகருகே நிற்கின்றன, அவ்வளவுதான்.

கேள்வி: நான் நடனக் கலைஞன். உணர்கருவிகளையும் (சென்சார்) ஒலியையும் என் நிகழ்ச்சிகளில் பயன்படுத்த ஆசை. அதற்காக நிரல் எழுதுவதையும் மின்னணுவியலையும் நானே கற்க வேண்டுமா?

பதில்: பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றால் போதும், தேர்ச்சி பெற்றவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது இரவுகள் நடந்த நிகழ்ச்சித் தொடருக்காக, அமெரிக்கத் தொலைபேசித் துறையின் பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி குளூவரின் முயற்சியால் 10 கலைஞர்களும் 30 அளவிலான பொறியாளர்களும் ஒன்றுசேர்ந்தார்கள். அதில் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுஷென்பெர்க், டென்னிஸ் மட்டைகளின் கைப்பிடிக்குள் ஒலிபரப்பும் கருவிகளைப் பொருத்தச் செய்தார். பந்து அடிபடும் ஒவ்வொரு முறையும் அரங்கெங்கும் பேரொலி எழுந்தது, ஒரு விளக்கு அணைந்தது, கடைசியில் இருள் சூழ்ந்தது. விளையாட்டு தன்னைத் தானே இருட்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது கலைஞரின் எண்ணம். அதை நடத்திக் காட்டியது பொறியாளர்களின் திறமை. அந்த இரவுகளில் கருவிகள் பல சமயம் சொன்னபடி கேட்கவில்லை, விமரிசகர்களும் கடிந்து எழுதினார்கள். ஆயினும் கலைஞரும் பொறியாளரும் சமமாக அமர்ந்து வேலை செய்யும் ஒரு வழக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது.

சமமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொறியாளரை முடிவான வரைபடத்தோடு அணுகினால் அவர் பணியாளராகத்தான் இருப்பார். எண்ணம் இன்னும் இறுகாத நிலையிலேயே அழைத்தால் நீங்கள் நினைத்திராத வழி ஒன்றை அவர் காட்டக்கூடும். 1977இல் அமெரிக்க நிகழ்த்துகலைஞர் லாரி ஆண்டர்சன் உருவாக்கிய வயலினில், வில்லின் குதிரை முடிக்குப் பதிலாகப் பேச்சுப் பதிவான ஒலிநாடாவும், வயலினில் தந்திகளைத் தாங்கும் பாலத்தில் நாடாவைப் படிக்கும் முனையும் இருந்தன. வில்லை முன்னே இழுத்தால் சொல் நேராகவும், பின்னே தள்ளினால் தலைகீழாகவும் ஒலிக்கும். வில் பிடித்துப் பழகிய கைக்குத்தான் அந்த எண்ணம் தோன்றியிருக்கும். உங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது உடல். உணர்கருவி எதை அளக்க வேண்டும் என்பதை உங்கள் அசைவே சொல்லட்டும்.

கேள்வி: எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. இத்தனை காலம் எழுத்து மட்டுமே. இனி வரையத் தொடங்கலாமா?

பதில்: தொடங்குங்கள். இரவீந்திரநாத் தாகூர் கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்த வரிகளை இணைத்து உருவங்களாக்கிக்கொண்டிருந்து, அறுபதைக் கடந்த பிறகே ஓவியத்தில் தீவிரமாக இறங்கினார். அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி 1930இல் பாரிசில் நடந்தது. அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

கேள்வி: ஓவியர் என்றால் ஓவியம் விற்கலாம். ஒலியும் ஒளியும் நடிப்பும் கலந்து செய்கிறவர் எதை விற்பார்? நல்கைக்கு (கலைப்பணிக்கான நிதியுதவிக்கு) விண்ணப்பித்தால், எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியவில்லை எனத் திருப்பி அனுப்புகிறார்கள்.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. இத்தகைய கலைஞர்களில் பெரும்பாலோர் ஒரே வருமானத்தில் வாழ்வதில்லை. கற்பித்தல், நிறுவனங்கள் கேட்டுச் செய்விக்கும் பணிகள், நல்கை, ஓரிடத்தில் தங்கிப் படைக்க இடம் தரும் கலைஞர் உறைவிடத் திட்டம், மேடைநாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் செய்யும் கூலிவேலை என்று பலவற்றைச் சேர்த்தே அவர்கள் ஓர் ஆண்டை ஓட்டுகிறார்கள். கற்பிக்கும் வேலையைத் தோல்வியின் அடையாளமாகக் கருதும் போக்கு சிலரிடம் உண்டு; அதை நான் ஏற்கவில்லை. தான் செய்வதை இளையோருக்கு விளக்க வேண்டிய கட்டாயம் பல கலைஞர்களின் சிந்தனையைக் கூர்மையாக்கியிருக்கிறது.

விண்ணப்பத்தில், எனக்கு இன்னின்ன தெரியும் என்று துறைகளை அடுக்காதீர்கள். நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலும், பார்வையாளர் அரங்கில் எதைக் காண்பார், எதைக் கேட்பார், எவ்வளவு நேரம் என்பதை அடுத்த பத்தியிலும் எளிய சொற்களில் எழுதுங்கள். தேர்வுக் குழுவினர் அக்காட்சியை மனத்தில் கண்டுவிட்டால் பிரிவு பற்றிய தயக்கம் பெரும்பாலும் குறைந்துவிடும். உங்கள் தாய்த்துறைக்குரிய பிரிவிலேயே விண்ணப்பிப்பதும் ஒரு வழி. செலவுத் திட்டத்தில் துணைக் கலைஞர்களின் ஊதியத்தையும் உங்கள் ஊதியத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள். தம் ஊதியத்தை எழுதக் கூசுகிறவர்களுக்குக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. கூட்டுப்பணியில் பதிப்புரிமை யாருக்கு, யார் பெயர் எங்கே வரும், மறுமுறை நிகழ்த்தினால் பங்கு எவ்வளவு என்பவற்றை, நட்பு நன்றாக இருக்கும் முதல் வாரத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள்.

கேள்வி: என் படைப்புகள் பழைய கணினிகளையும் திரைகளையும் நம்பி இருக்கின்றன. அவை பழுதானால் படைப்பும் போய்விடுமே?

பதில்: இதே இக்கட்டு காணொளிக் கலையின் முன்னோடியான, கொரியாவில் பிறந்த ‘நாம் ஜூன் பைக்’ என்ற கலைஞரின் படைப்புக்கே நேர்ந்தது. தென்கொரியாவின் தேசிய நவீன கலை அருங்காட்சியகத்தில் அவர் 1988இல் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளால் எழுப்பிய கோபுரம், பெட்டிகள் முதுமையடைந்ததால் 2018இல் நிறுத்தப்பட்டது. பழைய படக்குழாய்களையே தேடிப் பழுதுபார்ப்பதா, புதிய தட்டைத் திரைகளைப் பொருத்துவதா என்ற நீண்ட விவாதத்துக்குப் பின், இயன்றவரை பழையவற்றைக் காத்து, முடியாத இடங்களில் தட்டைத் திரைகளை வைத்து, 2022இல் அது மீண்டும் இயக்கப்பட்டது. கலைஞர் 2006இலேயே மறைந்துவிட்டதால் பிறர்தாம் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

நீங்கள் அந்த முடிவை இப்போதே எழுதி வையுங்கள். எந்தக் கருவியை மாற்றலாம், எது மாறினால் படைப்பே இல்லாமல் போகும், அறையின் ஒளியும் ஒலியளவும் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு படைப்புக்கும் தனித் தாளில் குறியுங்கள். நிரல்களையும் மூலக் கோப்புகளையும் இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்யும்போது மேடையை மட்டும் எடுக்காமல், பார்வையாளர் எங்கே நின்றார்கள், எப்படி நகர்ந்தார்கள் என்பது தெரியும்படி இன்னொரு கேமராவையும் வையுங்கள். பின்னால் அதை மீண்டும் அமைக்கப் போகிறவருக்கு அந்த இரண்டாவது பதிவே கூடுதலாக உதவும்.