டிக்கெட்டில் பன்னிரண்டு மணி, பயணத்தில் இருபத்திரண்டரை

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது. ஜனவரியில் தனியாக ரொறன்ரோ போகிறார். கட்டுநாயக்கவிலிருந்து 14,000 கிலோமீற்றர், பதினைந்தரை மணி நேரம் என்று இணையத்தில் இருக்கிறது. டுபாய் வழியான டிக்கெட்டிலோ இரவு 8.30க்கு ஏறி மறுநாள் காலை 8.30க்கு இறங்குவதாக இருக்கிறது. எதை நம்புவது?"

இரண்டிலும் பிழையில்லை. ஆனால் அம்மா வழியில் கழிக்கப்போவது இருபத்திரண்டரை மணி நேரம்.

வீட்டில் பூகோள உருண்டை இருந்தால், நூலின் ஒரு முனையை இலங்கையில் விரலால் அழுத்தி, மறுமுனையை ரொறன்ரோவரை இறுக்கிப் பிடியுங்கள். நூல் இந்தியாவின் மேலேறி, ரஷ்யாவைக் கடந்து, வடதுருவப் பக்கமாக வளைந்து கனடாவில் இறங்கும். அந்த நூலின் நீளந்தான் 14,000. மணிக்கு 900 கிலோமீற்றர் என்று வகுத்தால் பதினைந்தரை மணி. அந்த வழியில் நேரடி விமானம் கிடையாது.

டுபாய் பெரிய சுற்று என்று பலரும் நினைக்கிறார்கள். டுபாய்வரை ஏறத்தாழ 3,300, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 11,100. கூட்டிப் பாருங்கள், 400 கிலோமீற்றர்தான் கூடுதல். முதல் பறப்பு நாலேமுக்கால் மணி, டுபாயில் காத்திருப்பு மூன்றேமுக்கால், அடுத்தது பதினான்கு. மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், திரும்பி வரும்போது அந்த நீண்ட பறப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறையும்.

டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். ஜனவரியில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை 8.30 என்றால் திருகோணமலையில் மாலை 7 மணி. (மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறுவரை வித்தியாசம் ஒன்பதரை.)

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் இன்னும் நீளும். மாலை 5.30க்குக் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஆறு மணி நேரமாவது ஓட வேண்டும். தை மழையில் இன்னும் கூடும். காலை 10 மணிக்கே புறப்படுங்கள். மொத்தம் 33 மணி நேரம்.

காத்திருப்பைக் குறைக்க முயலாதீர்கள். ஒன்றரை மணி நேர இடைவெளி மலிவாகக் கிடைத்தாலும் என் தாய்க்கு நான் வாங்கமாட்டேன். முதல் விமானம் சற்றுத் தாமதித்தாலே அடுத்தது கைவிட்டுப் போகும். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள்.

அம்மா இரவும் காலையும் மாத்திரை எடுப்பவரா? அந்த இரண்டு 8.30க்கும் நடுவே இருபத்திரண்டரை மணி கழிந்திருக்கும். எந்த வேளைக்கு எதை எடுப்பது என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கி, மாத்திரையோடு கைப்பையில் வையுங்கள். கைக்கடிகாரத்தை ரொறன்ரோவில் இறங்கும்வரை இலங்கை நேரத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.