தொடைப் பட்டைக்கு 200 வைக்கலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 38. முழங்கால் லிகமென்ட் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. தொடை சூம்பிவிட்டது. காற்றடித்து இறுக்கும் பட்டையைத் தொடையில் கட்டி லேசான எடை தூக்கினால் சதை ஏறும் என்று ஜிம்மில் சொல்லி, பட்டையையும் அவர்களே விற்றார்கள். பட்டையின் காற்றழுத்தம் எல்லாருக்கும் 200தானாம் (பி.பி. அளக்கும் அதே mmHg கணக்கில்). எனக்குக் கால் மரத்துப்போகிறது. தொடரலாமா?"

வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். எல்லாருக்கும் ஒரே எண் சொல்கிறவர் ஒருத்தர் காலையும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ரத்த ஓட்டத்தைக் குறைத்துச் செய்யும் இந்தப் பயிற்சி முறையில் கோளாறு இல்லை. ஜப்பானில் யோஷியாகி சாட்டோ உருவாக்கியது. கனமான எடை தூக்க முடியாத ஆபரேஷன் காலுக்கு நன்றாகவே கைகொடுக்கும். பட்டை, காலுக்குள் வரும் ரத்தத்தைக் குறைக்க வேண்டும், அடியோடு நிறுத்தக் கூடாது. எந்த அளவில் நிற்கிறது என்று தெரிந்தால்தானே அதற்குக் கீழே வைக்க முடியும்?

அதைக் கண்டுபிடிப்பது எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளுக்குச் சில நிமிட வேலை. உங்களைப் படுக்கவைத்து, பட்டையைத் தொடை இடுக்கை ஒட்டிக் கட்டுவோம். கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும், பேனா மாதிரி இருக்கும் டாப்ளர் கருவியை வைத்தால் 'வுஷ்... வுஷ்' என்று நாடி கேட்கும். மெதுவாகக் காற்றடிக்க அடிக்கச் சத்தம் தேய்ந்து நின்றுவிடும். 180இல் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கு அதில் 60 முதல் 80 சதவீதம் போதும்; அதாவது 108 முதல் 144 வரை. முதலில் 108. இந்தக் கணக்குப்படி 200 வைத்தால் ரத்தக்குழாயை மூடிவிட்டுத்தான் பயிற்சி செய்கிறீர்கள். நரம்பும் சேர்ந்து நசுங்கும். மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

நண்பரின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். தொடை பருமனாக இருந்தால் அளவு கூடும், பட்டை அகலமாக இருந்தால் குறையும். ஐந்து சென்டிமீட்டர் பட்டைக்குச் சொன்ன எண்ணைப் பதின்மூன்று சென்டிமீட்டர் பட்டையில் வைத்தால் ஆபத்து.

இதைவிட மோசம் மீட்டரே இல்லாத எலாஸ்டிக் பட்டை. "பத்துக்கு ஏழு இறுக்கம்" என்று சொல்லி விற்கிறார்கள். ஏழு என்பதை யார் சொல்வது, தொடையா? விற்ற பட்டைக்குக் கமிஷன் வாங்குகிற டிரெயினரிடம் அளவு கேட்காதீர்கள்.

உங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்கு ஏழு வரி, பயிற்சிக்கு "பிசியோ பார்க்கவும்" என்று ஒரே வரி. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் டாப்ளர் பீரோவுக்குள் இருந்தது, பீரோ சாவி வைத்திருந்தவர் லீவில் இருந்தார். அப்புறம் ஜனங்கள் ஜிம்முக்குப் போகாமல் எங்கே போவார்கள்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் பட்டையைத் தொடாதீர்கள், நீவியும் விடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு அதை "சதைப்பிடிப்பு" என்று சொல்லி ஜிம்மில் ஒரு வாரம் நீவிவிட்டிருக்கிறார்கள். ஸ்கேனில் உறைகட்டி இருந்தது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. முன்பு உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ரத்தம் உறைந்திருந்தாலும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே பட்டை. பி.பி. அதிகமுள்ளவர்களும் அப்படியே.

சரி, அளந்தாகிவிட்டது என்றால்: உங்களால் தூக்க முடிந்ததில் 20 முதல் 30 சதவீத எடை. முதலில் 30 தடவை, பிறகு மூன்று சுற்று பதினைந்து பதினைந்தாக, நடுவில் 30 விநாடி ஓய்வு. முடிந்ததும் காற்றை இறக்கிவிடுங்கள். தொடை எரியும், அது சகஜம். பாதம் வெளுத்தாலோ மரத்தாலோ உடனே கழற்றுங்கள்.

அளந்த எண்ணையும் தேதியையும் எழுதிப் பட்டைப் பையிலேயே ஒட்டி வையுங்கள். சதை ஏறினால் அந்த எண்ணும் மாறும்; சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும்.