அன்னாசியில் எண்ணிப் பார்க்க வேண்டிய 8, 13, 21

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. வாய்ப்பாடு தடங்கல் இல்லாமல் சொல்வாள். ஆனால் கணக்கு என்பது புத்தகத்துக்குள் மட்டும் இருக்கிற விஷயம் என்று நினைக்கிறாள். இயற்கையிலும் ஓவியத்திலும் எண்கள் இருப்பதாகச் சொல்லும் காணொளிகளைச் சேர்ந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் 1.618 என்ற 'தங்க விகிதம்' இருக்கிறது என்றார்கள். நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் சுருள் ஓட்டின் குறுக்குவெட்டுப் படத்தை அச்செடுத்து இருவரும் அளந்தோம். வரவே இல்லை. "அப்போ இதெல்லாம் பொய்யாம்மா?" என்கிறாள். நாங்கள் எங்கே தவறு செய்தோம்? அவளுக்கு எதைக் காட்டலாம்? எனக்கும் கணக்கு அவ்வளவாக வராது.

பதில்: நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. தங்க விகிதச் சுருள் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் 1.618 மடங்கு விரியும். அப்படியானால் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 6.85 மடங்கு. நாட்டிலஸ் ஓடு ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய 3 மடங்குதான் விரிகிறது. சுற்றுக்குச் சுற்று ஒரே மடங்கில் பெரிதாவது இரண்டுக்கும் பொது. அந்த மடங்குதான் வேறு. இதை மகளிடம் அப்படியே சொல்லுங்கள். ஊரெல்லாம் சொல்வதை அளந்து பார்த்து 'இல்லையே' என்று கண்டுபிடித்திருக்கிறாள். அதற்கு முதலில் அவளைப் பாராட்டுங்கள்.

முகத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் கோடு போட்டுக் காட்டும் படங்களையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது வரைபவர் கையில் இருந்தால், எந்த விகிதத்தையும் எதிலும் காட்டிவிடலாம். அதனால் நான் சொல்லும் வழி இதுதான்: ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அதைத் தேடிப் போகாதீர்கள். கையில் கிடைத்த பொருளில் எண்ணுங்கள். வருகிற எண் எதுவானாலும், அது ஏன் வந்தது என்று கேளுங்கள். கழித்தல், கூட்டல் தெரிந்த குழந்தைக்கு இது போதும். உங்களுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது.

ஆரம்பிக்க நான் சிபாரிசு செய்வது ஒரு முழு அன்னாசிப் பழம். அதன் தோலில் இருக்கும் 'கண்'கள் சாய்வான வரிசைகளாகப் பழத்தைச் சுற்றி ஏறுவதைப் பார்க்கலாம். ஒரு திசையில் மெதுவாகச் சாய்ந்து ஏறும் வரிசைகள் ஒரு குடும்பம். எதிர்த் திசையில் கொஞ்சம் செங்குத்தாக ஏறுபவை இன்னொன்று. கிட்டத்தட்ட நேராக மேலே போகும் மூன்றாவது குடும்பமும் உண்டு. பார்வையால் மட்டும் எண்ணினால் எங்கே தொடங்கினோம் என்று நிச்சயம் மறந்துபோகும். எனவே குண்டூசி வேண்டும். பழத்தின் நடுப்பகுதியில் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒரு கண்ணில் வேறு நிறத் தலையுள்ள குண்டூசியைக் குத்துங்கள். அப்புறம் பழத்தைத் திருப்பித் திருப்பி, அதே பக்கம் சாயும் அடுத்தடுத்த வரிசைகளில் வரிசைக்கொரு குண்டூசி குத்துங்கள். சுற்றி வந்து முதல் வரிசையைத் தொட்டதும் நிறுத்தி, குண்டூசிகளை எண்ணச் சொல்லுங்கள். நன்றாக வளர்ந்த பழம் என்றால் மூன்று குடும்பங்களுக்கும் பெரும்பாலும் 8, 13, 21 என்று வரும். சின்னப் பழத்தில் 5, 8, 13 வரலாம். 12 வந்தால், பழத்தைத் திட்டாமல் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் 12 வந்தால் 12 என்றே எழுதிக்கொள்ளுங்கள். விதிவிலக்கான பழங்களும் உண்டு.

8-ஐயும் 13-ஐயும் கூட்டினால் 21 என்பதை அவளே கவனிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். கவனித்த பிறகு 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று வரிசையை எழுதிக் காட்டலாம். இதுதான் ஃபிபொனாச்சி வரிசை. சூரியகாந்தியின் நடுவட்டில் விதைகள் அமையும் சுருள்களை எண்ணினால் பெரும்பாலும் 34-ம் 55-ம் கிடைக்கும்.

'செடிக்குக் கூட்டல் தெரியுமா?' என்று கேட்பாள். தெரியாது. வளரும் நுனியில் ஒவ்வொரு புதிய மொட்டும், ஏற்கெனவே இருப்பவற்றுக்கு நடுவே இடம் அதிகமாகக் கிடைக்கும் பக்கத்தில் முளைக்கிறது. முளைத்தவை நெருக்கிக்கொண்டு வெளியே தள்ளப்படுகின்றன. இந்த ஒரே விதி திரும்பத் திரும்ப நடந்தால் அடுத்தடுத்த மொட்டுகளுக்கு இடையிலான கோணம் 137.5 பாகையை நெருங்குகிறது. சுருள்களின் எண்ணிக்கையும் ஃபிபொனாச்சி எண்களில் போய் நிற்கிறது. 1992-இல் ஸ்தெஃபான் துவாடி, ஈவ் கூடேர் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர்கள் செடியே இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். காந்தத் தன்மையுள்ள திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஒரு தட்டின் நடுவில் விட்டார்கள். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே நகர்ந்த துளிகளும் அதே சுருள்களாக அமைந்தன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இது.

அதே வரிசையைக் கைதட்டியும் கண்டுபிடிக்கலாம். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2. மொத்தம் 4 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? நான்கும் குறில்; இரண்டு நெடில்; ஒரு நெடிலும் இரண்டு குறிலும் என்றால், நெடில் முதலில், நடுவில், கடைசியில் என 3 விதம். ஆக 5. மூன்று மாத்திரைக்கு 3 விதம், ஐந்து மாத்திரைக்கு 8. காரணம் எளிது: கடைசி எழுத்து குறிலாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு மாத்திரை குறைந்த வடிவங்கள் எல்லாம் வரலாம். நெடிலாக இருந்தால் இரண்டு குறைந்தவை. இரண்டையும் கூட்டினால் ஆயிற்று. இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி 1202-இல் தம் புத்தகத்தை எழுதுவதற்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமசந்திரர் செய்யுள் அளவுகளை ஆராயும்போது இந்த விதியைச் சொல்லியிருக்கிறார்.

பூக்களிடம் போகும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. ஒற்றையடுக்குச் செம்பருத்தியில் இதழ் 5, நடுத்தண்டின் உச்சியில் இருக்கும் சிவப்புப் பொட்டுகளும் 5. ஆனால் இட்லிப் பூவில் இதழ் 4. அது ஃபிபொனாச்சி வரிசையில் கிடையாது. 'எல்லாப் பூவிலும்' என்று யாராவது சொன்னால் இட்லிப் பூவை நீட்டுங்கள். தேன்கூட்டின் 6-க்குக் காரணமே வேறு: ஒரே அளவு அறைகளாக ஒரு தளத்தைப் பிரிக்க, மிகக் குறைந்த நீளச் சுவர் போதுமான வடிவம் அறுகோணம். 1999-இல்தான் தாமஸ் ஹேல்ஸ் என்ற கணிதவியலாளர் இதை நிரூபித்தார்.

ஓவியத்தில் எண் வேண்டும் என்றால், விகிதம் தேடிக் கோடு போடாமல், ஓவியரே எண்ணை எழுதிவைத்த இடத்துக்குப் போங்கள். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் 'மெலன்கோலியா 1' என்ற செதுக்கோவியத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். வலப்பக்கம், மணிக்குக் கீழே சுவரில் ஒரு கட்டம் இருக்கும்:

16 3 2 13
5 10 11 8
9 6 7 12
4 15 14 1

எந்த வரிசையைக் கூட்டினாலும் 34. நிரல்களும் மூலைவிட்டங்களும் அப்படியே. நான்கு மூலைகள், நடு நான்கு, ஒவ்வொரு கால் பகுதியின் நான்கு கட்டங்கள் என எல்லாம் 34தான். 34 வரும் இடங்கள் இன்னும் உண்டு, அவளைத் தேடவிடுங்கள். கடைசி வரிசையின் நடுவில் 15, 14 என்று சேர்ந்து நிற்பது அவர் அதைச் செதுக்கிய ஆண்டு: 1514.

வீட்டுக்குள் என் முதல் தேர்வு ஏ4 தாள். அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297. ஒரு மூலையிலிருந்து மடித்து, குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தின் மேல் பொருத்துங்கள். சாய்வாக ஒரு மடிப்பு விழும். இன்னொரு ஏ4 தாளின் நீளப் பக்கத்தை அந்த மடிப்பின் மேல் வைத்தால் அச்சு அசலாக ஒரே நீளம். அந்த மடிப்பு, பக்கம் 210 உள்ள சதுரத்தின் மூலைவிட்டம். அதாவது 210-ஐப் போல √2 மடங்கு. இந்த விகிதத்தில் இருக்கும் தாளைப் பாதியாக வெட்டினால் பாதியும் அதே விகிதத்தில் இருக்கும். ஏ4-ஐ மடித்தால் ஏ5 கிடைப்பது அதனால்தான். மேலே போனால் ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர், ஏ4 அதில் 16-இல் ஒரு பங்கு. கட்டின் மேல் 80 ஜிஎஸ்எம் என்று இருந்தால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம், ஆக ஒரு தாள் 5 கிராம். சமையலறைத் தராசு இருந்தால் 20 தாளை வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் முடித்தபின் அவளுக்கு இன்னும் வேண்டும் என்றால், ஏதாவது ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணைக் காட்டுங்கள். 1, 3, 5 என ஒற்றைப்படை இடத்து இலக்கங்களை அப்படியே கூட்ட வேண்டும். இரட்டைப்படை இடத்தில் இருப்பவற்றை 3-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். மொத்தம் 0-வில் முடியும். எந்த ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினாலும் 0 வராது. கணினி பிழையைப் பிடிப்பது இப்படித்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி, அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் (2-ம் 7-ம் போல) இந்தச் சோதனை ஏமாந்துவிடும். ஏன் என்று அவள் கேட்டால் நீங்கள் சொல்லித் தர வேண்டாம். 27-ஐயும் 72-ஐயும் எழுதி, இரண்டாவது இலக்கத்தை 3-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 23-ம் 13-ம் வரும். கடைசி இலக்கத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.