ஸ்பிரேயை நிறுத்துங்க, அடியில் ஈரம் வையுங்க

வணக்கம்ங்க. பொள்ளாச்சியில் பிளைவுட் பெட்டி, மேலே செராமிக் ஹீட்டர், உள்ளே சல்காட்டா என்ற ஆப்பிரிக்கத் தரை ஆமையின் குட்டி. தினமும் ஸ்பிரே அடித்தும் ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டவில்லை, பலகை மட்டும் உப்பிப் பூஞ்சை பிடிக்கிறது என்கிறீர்கள்.

தெளித்த நீரை ஹீட்டர் உடனே உலர்த்திவிடும், மிச்சத்தைப் பலகை குடித்துவிடும். ஈரம் அடியிலிருந்து மெல்ல ஏற வேண்டும். பெட்டியைக் காலி செய்து நல்ல வெயிலில் காயவையுங்கள். அப்புறம் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் ஷீட்டைத் தரையிலும் சுவரில் அரையடி உயரத்துக்கும் ஒரே துண்டாக ஒட்டுங்கள். மூலைகளை வெட்டாமல் மடியுங்கள், கசிவு அங்கேதான் தொடங்கும். மேலே 4 அங்குலம் தேங்காய் நார்க்கழிவு. உங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. உப்பு போகக் கழுவியதாகப் பார்த்து வாங்குங்கள். மூலைகளில் தண்ணீர் ஊற்றினால் அடி ஈரமாகவும் மேல்பரப்பு காய்ந்தும் இருக்கும். மேலேயும் நசநசவென்று இருந்தால் வயிற்று ஓடு அழுகும்.

வலை மூடியா? ஹீட்டர் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை அடைத்துவிடுங்கள். ஈரப்பத மீட்டரை ஆமையின் உயரத்தில் வையுங்கள், குட்டிக்கு 80 சதவீதம் வரை போகலாம். காற்று வறண்டால் ஓடு மேடு மேடாக வளரும் என்று 2003-இல் வெளியான வியன்னா ஆய்வே காட்டியிருக்கிறது.

ஈரமும் குளிரும் சேர்வதுதான் ஆபத்து. மார்கழி இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள், தெர்மோஸ்டாட் கட்டாயம். மூக்கில் குமிழி வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.