தாளிப்பு நெடிக்கே இருமல் ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. நுரையீரலில் தழும்பு விழும் ஐ.பி.எஃப். நோய்க்கு இரண்டு வருடமாக மருந்து சாப்பிடுகிறார். அடுப்பில் வரமிளகாய் தாளித்தால் போதும், கூடத்தில் இருப்பவருக்கு அடுக்கடுக்காக இருமல். போனில் நாலு வார்த்தை பேசினாலும் வருகிறது. சளி துளிகூட இல்லை. ஸ்கேனில் நோய் கூடவில்லை என்கிறார்கள். பிறகு ஏன் இருமல் மட்டும் கூடுகிறது?
– வாசகி, கரூர்

பதில்: நோயும் இருமலும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. இருமலைக் கிளப்புவது வேகஸ் நரம்பு. அதன் நுனிகள் தொண்டையிலிருந்து மூச்சுக்குழாய்கள் வரை பரவியிருக்கின்றன. இந்த நோயில் அவை எதற்கெடுத்தாலும் சீறும் நிலைக்கு வந்துவிடுகின்றன. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நேரே அந்த நுனிகளைத்தான் தூண்டும். அதை ஆவியாக்கி, துளித் துளியாக மூச்சில் கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. மற்றவர்கள் சும்மா இருக்கும் அளவிலேயே ஐ.பி.எஃப். நோயாளிகள் இருமத் தொடங்கிவிடுவார்கள். அம்மா ‘வேண்டுமென்றே இருமுகிறார்’ என்று வீட்டில் யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல், ஒவ்வொரு இருமலும் தொண்டையை மேலும் புண்ணாக்கி அடுத்ததை வரவழைக்கும். அதனால், தொண்டையில் நமைச்சல் தெரிந்த உடனேயே பிடிக்க வேண்டும். இருமல் வெடித்த பிறகு முயன்றால் பலிக்காது. வாயை மூடி எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள், அல்லது சாதாரணத் தண்ணீர் ஒரு மிடறு. பிறகு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, விளக்கை அணைக்காமல் ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து விட வேண்டும். தோளைத் தளர்த்திக்கொண்டு நமைச்சல் அடங்கும்வரை இதையே தொடரலாம். இருமல் இல்லாத நேரத்தில் தினம் நாலைந்து முறை பழகினால்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

தாளிக்கும்போது அவரை வேறு அறைக்கு அனுப்பி, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். மிளகாயைக் கருகவிடாதீர்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி மூன்றும் வீட்டில் வேண்டாம். தைலம் போட்டு ஆவி பிடிப்பதும் சிலருக்கு இருமலைத்தான் கிளப்பும்.

இவ்வளவும் செய்தும் தூக்கம் கெடுகிறது என்றால் மருந்து உண்டு. ஐ.பி.எஃப். நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், மெல்லக் கரையும் மார்ஃபின் 5 மி.கி. இருவேளை கொடுத்ததில் பகல் இருமல் ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்தது. மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் வரலாம். நுரையீரல் நிபுணர் மட்டுமே எழுதித் தர வேண்டிய மருந்து இது.

கேள்வி: எனக்கு சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருக்கிறது. பி.பி.க்கு ராமிப்ரில் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வறட்டு இருமல். இன்ஹேலரை மாற்றச் சொல்லலாமா?
– வாசகர், சேலம்

பதில்: முதலில் மாத்திரையைச் சந்தேகியுங்கள். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகள், உடலில் பிராடிகைனின் என்ற பொருளைத் தேங்கவிட்டு இருமல் நரம்பைச் சீண்டும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள்; பெரும்பாலும் டெல்மிசார்டன் போன்றதற்கு மாற்றுவார். மாற்றிய மறுநாளே நிற்கவில்லை என்று சலிக்காதீர்கள். அடங்க ஒன்றிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட. இன்ஹேலர் அடித்த உடனே இருமல் வந்தால் மட்டும் அதைப் பாருங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) இல்லாமல் அடிக்கும் மருந்து வேகமாகத் தொண்டையில் மோதும்.

கேள்வி: அப்பாவுக்கும் சி.ஓ.பி.டி.தான், ஆனால் காலையில் கட்டிச் சளியோடு இருமல். கடையில் இருமல் சிரப் வாங்கிக் கொடுக்கிறோம். சரியா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. சளியை வெளியேற்றும் இருமலை அடக்கினால் அது உள்ளேயே தேங்கிக் கிருமி வளரும். கோடீன் கலந்த சிரப், முற்றிய சி.ஓ.பி.டி.யில் மூச்சையே மந்தமாக்கும். அதற்குப் பதில், நிமிர்ந்து உட்கார்ந்து நாலைந்து முறை நிதானமாக மூச்சு விட்டபின், ஓரளவு மூச்சை இழுத்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து ‘ஹா’ என்று தள்ளச் சொல்லுங்கள். இரண்டு முறை தள்ளி, ஓய்வெடுத்து, மறுபடி. சளி மேலே ஏறிய பிறகு ஒரே ஒரு இருமல் போதும். சளி பச்சையாக மாறினாலோ அளவு கூடினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். ரத்தம் கண்டாலோ, எடை குறைந்து மாலைக் காய்ச்சல் வந்தாலோ காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் தேவை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.