மறு: கொரியன் பன்றிக்கறி கருகுது, தண்ணியும் விடுது

ராத்திரியே சாஸ்ல ஊறவெச்சு, ஒரு கிலோ கறியையும் மொத்தமா வாணலியில கொட்டினதா எழுதியிருக்கீங்க. சிக்கலே அங்கதான். சாஸ்ல சேர்க்கற கொச்சுஜாங்ல, அதாவது கொரியன் மிளகாய் விழுதுல, அரிசியும் சிரப்பும் இருக்கு, கொழுப்பு உருகறதுக்கு முன்னாடியே அந்த இனிப்பு கருகிடும். மொத்தமாப் போட்டா கறி வறுபடாம தண்ணி விட்டு அவியும்.

வயிற்றுக்கறியை மெல்லிசா, 3 மி.மீ. அளவுல நறுக்குங்க. எண்ணெயே ஊத்தாம, வெறும் கறியை மூணு தவணையா வறுங்க. ஓரம் செவந்ததும் உருகின கொழுப்புல ரெண்டு ஸ்பூன் வெச்சுட்டு மிச்சத்தை வடிச்சிடுங்க. அப்புறம்தான் வெங்காயமும் சாஸும், ரெண்டு நிமிஷம் போதும்.

லோ கார்ப்னு, அதாவது மாவுச்சத்து கம்மியா வேணும்னு கேட்டீங்களே, கொச்சுஜாங்கையே விட்டுடுங்க. அரைக் கிலோவுக்குக் கொச்சுகாரு (கொரியன் மிளகாய்த்தூள்) 2 மேசைக்கரண்டி, தோயென்ஜாங் (புளிக்கவெச்ச சோயா விழுது) 1, சோயா சாஸ் 1, பூண்டு, இஞ்சி, எரித்ரிட்டால் (சர்க்கரைக்குப் பதிலா போடற இனிப்பு) ஒரு தேக்கரண்டி. கொச்சுகாரு இல்லேன்னா காஷ்மீரி மிளகாய்த்தூள், அதுவும் கொஞ்சம் கம்மியா. நான் ஒருதரம் நம்ம சாதா மிளகாய்த்தூளை அதே அளவு போட்டேன். வீட்ல ஒருத்தரும் ரெண்டாவது வாய் வைக்கல.

சோத்துக்குப் பதிலா லெட்யூஸ் இலையில சுருட்டிச் சாப்பிடுங்க, கொரியாவுலயும் அப்படித்தான் சாப்பிடறாங்க.